கல் மாதிரி இருக்கும் எலும்புக்குள் புற்றுநோய் எப்படிப் போகிறது?

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவர் நீளமாகக் கேட்டிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன். அம்மாவுக்கு 63 வயது. 8 வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன், அப்புறம் 5 வருடம் ஹார்மோன் மாத்திரை என்று எல்லாம் முடிந்து நன்றாக இருந்தார். சில மாதங்களாக முதுகுவலி. தைலம், பிசியோதெரபி என்று பார்த்துவிட்டு, கடைசியில் எடுத்த எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பு, விலா, இடுப்பு எனப் பல இடங்களில் பரவியிருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. இது எலும்பில் புதிதாக வந்த புற்றுநோயா, பழையதா? பழையது என்றால் இத்தனை வருடம் எங்கே இருந்தது? கல் மாதிரி இருக்கும் எலும்புக்குள் எப்படிப் போனது? டாக்டர் எலும்புக்கு ஊசி போடவேண்டும் என்கிறார். சொந்தக்காரர்களோ கேழ்வரகு, பால், கால்சியம் எல்லாம் நோய்க்குத் தீனி, நிறுத்து என்கிறார்கள். அம்மா ஏற்காட்டில் இருக்கும் தங்கை வீட்டில் கொஞ்ச நாள் இருக்க ஆசைப்படுகிறார், கூட்டிப்போகலாமா?

கேள்விகள் பல இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: அம்மாவின் எலும்பை இப்போது அரித்துக்கொண்டிருப்பது யார்? புற்றுநோய்தான் என்பீர்கள். அது பாதிதான் சரி. புற்றுச் செல்கள் தாமாக எலும்பைக் கரைப்பது மிகக் குறைவு. எலும்பில் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருக்கும் செல்களை ஏவிவிட்டுத்தான் கரைக்கவைக்கின்றன. இது பிடிபட்டால் ஊசி எதற்கு, கால்சியம் எதற்கு, ஸ்கேனை எப்படிப் புரிந்துகொள்வது என்பதெல்லாம் பெரும்பாலும் தானாக விளங்கிவிடும். என்னைப் பற்றி ஒரு வார்த்தை: நான் நோயியல் மருத்துவர். மைக்ராஸ்கோப்பில் திசுக்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதும் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதும்தான் சேலத்தில் பல வருடங்களாக என் வேலை. நேரடியாகச் சிகிச்சை கொடுப்பவன் இல்லை. அதனால் உங்கள் அம்மாவுக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இந்த வயதில், மார்பகப் புற்றுநோய் வந்துபோனவருக்கு, பல எலும்புகளில் ஒரே நேரத்தில் தெரிகிறது என்றால் அது ஏறக்குறைய எப்போதும் பழைய நோயின் பரவல்தான். எலும்பிலேயே பிறக்கும் புற்றுநோய் அபூர்வம். அதில் முக்கியமான ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு, முழங்காலை ஒட்டி வரும். பெரியவர்களின் எலும்பில் நாங்கள் பார்க்கும் புற்றுநோயில் பெரும்பகுதி மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றிலிருந்து வந்ததுதான். எலும்பில் இருந்தாலும் மைக்ராஸ்கோப்பில் அது மார்பகச் செல்லாகவே தெரியும், மார்பகச் செல்லின் புரதங்களையே சுமந்திருக்கும். ஆகவே அதற்குக் கொடுப்பதும் மார்பகப் புற்றுநோய் மருந்துதான். வீட்டில் 'போன் கேன்சர்' என்று பேசிக்கொள்வதால் இரண்டும் குழம்பிவிடுகின்றன.

இப்போது எலும்புக்கு வருவோம். அது கல் இல்லை, உயிருள்ள திசு. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் வருடத்துக்குச் சுமார் 10 விழுக்காடு பழையது போய்ப் புதியது வருகிறது. உங்கள் தொழிலில் பழைய கொலுசை உருக்கி அதே வெள்ளியில் புதுக்கொலுசு செய்வதில்லையா, அதுதான் இங்கேயும் நடக்கிறது. உருக்குகிற வேலை ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்லுடையது. ரத்தத்தின் வெள்ளையணு வம்சத்தைச் சேர்ந்த பல செல்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவாகும் ராட்சதச் செல் அது. எலும்பின் மேல் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு, அடியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரந்து தாதுவைக் கரைக்கும். மிச்சமிருக்கும் புரதத்தை கேதெப்சின்-கே என்ற நொதியால் அறுக்கும். அது விட்டுப்போகும் குழியில் ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து புது எலும்பை இடும். குழி தோண்டச் சில வாரங்கள் போதும். நிரப்பப் பல மாதங்கள் ஆகும். இந்த வேகவித்தியாசத்தை மனதில் வையுங்கள், ஸ்கேன் விஷயத்தில் மறுபடி வேண்டியிருக்கும். வேலை முடிந்த ஆஸ்டியோபிளாஸ்ட்களில் சில தாங்கள் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்து ஆஸ்டியோசைட் ஆகிவிடுகின்றன. எலும்புச் செல்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இவைதான். எங்கே பாரம் விழுகிறது, எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று உணர்ந்து சொல்பவையும் இவைதான்.

உருக்குகிற ஆள் தன் இஷ்டத்துக்கு உருக்குவதில்லை. ஆர்டர் வந்தால்தான் அடுப்பு எரியும். ரேங்க்-எல் என்ற புரதம்தான் அந்த ஆர்டர். ஆஸ்டியோபிளாஸ்ட் வம்சமும் ஆஸ்டியோசைட்டும் அதைத் தயாரிக்கின்றன. இளம் செல்லின் மேலிருக்கும் ரேங்க் என்ற ஏற்பியில், அதாவது ஆர்டரை வாங்கிக்கொள்ளும் புரதத்தில், அது போய் ஒட்டினால்தான் அந்தச் செல் முதிர்ந்த ஆஸ்டியோகிளாஸ்ட்டாக மாறும். இதைக் கட்டுப்படுத்த உடம்பே இன்னொரு புரதத்தையும் வைத்திருக்கிறது. ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்று பெயர். ரேங்க்-எல்லை நடுவழியிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். 1997, 98 வாக்கில்தான் இந்த மூன்றும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டன. அதற்கு முன் படித்த எங்களைப் போன்றவர்களுக்கு எலும்புப் பாடமே மாறிப்போனது. யார் கட்டுகிறாரோ அவர்தான் இடிக்கவும் ஆணை போடுகிறார் என்பது யோசித்துப் பார்த்தால் விசித்திரமான ஏற்பாடு. புற்றுநோய் கைவைப்பதும் சரியாக அந்த இடத்தில்தான்.

எப்படி உள்ளே போகிறது? மூலக்கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் ரத்தத்தில் மிதந்து வருகின்றன. முதுகெலும்பு, விலா, இடுப்பு, மண்டையோடு, தொடையெலும்பின் மேல்பகுதி இவற்றில் பெரியவர்களுக்கும் சிவப்பு மஜ்ஜை இருக்கிறது. அங்கே ரத்தக்குழாய்கள் அகலமானவை, சுவரில் இடைவெளி உள்ளவை, ஓட்டமும் மெதுவானது. புது ரத்த அணுக்கள் வெளியே போகத் திறந்திருக்கும் வாசல் உள்ளே வரவும் திறந்திருக்கிறது. உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் இருக்கும் இடங்களும் இவையே. முழங்கை, முழங்காலுக்குக் கீழே பரவுவது அரிது, ஏனென்றால் அங்கே கொழுப்பு மஜ்ஜைதான் மிச்சம். ஆனால் ரத்த ஓட்டம் மட்டுமே காரணமா என்பது 100 வருடத்துக்கும் மேலான சண்டை. 1889ல் ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் பிணப் பரிசோதனைக் குறிப்புகளைத் தொகுத்தார். கல்லீரலில் அடிக்கடி இருக்கிறது, மண்ணீரலில் அபூர்வமாகத்தான் இருக்கிறது, ரத்தம் இரண்டுக்கும் போகிறதே என்று கேட்டு, விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். 1928ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் யூயிங், ரத்தம் போகும் வழிதான் எல்லாம் என்று மறுத்தார். 1940ல் பேட்சன், முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளில் வால்வு இல்லை என்பதையும், இருமும்போது முக்கும்போது ரத்தம் திரும்பி ஓடும் என்பதையும் காட்டினார். புராஸ்டேட் நோய் நேராக முதுகெலும்புக்குப் போவதற்கு அது நல்ல விளக்கம். 2001ல் மஜ்ஜை சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்-12 என்ற புரதத்தை நோக்கி மார்பகப் புற்றுச் செல்கள் இழுக்கப்படுவது காட்டப்பட்டபோது பேஜெட் பக்கம் தராசு சாய்ந்தது. இரண்டும் உண்மை என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் நிலை. என் சாய்வு பேஜெட் பக்கம்.

உள்ளே வந்தபின் நடப்பதுதான் கதையின் மையம். மார்பகப் புற்றுச் செல்கள் பி.டி.எச்.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கின்றன. பாராதைராய்டு ஹார்மோனுக்கு நெருங்கிய உறவு அது. 1987ல் ஆஸ்திரேலியாவில், ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் ஒரு நுரையீரல் புற்றுநோயிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இந்தப் புரதம் ஆஸ்டியோபிளாஸ்ட்டைத் தூண்ட, அது ரேங்க்-எல்லை அதிகமாகச் சுரக்கிறது. அதாவது போலி ஆர்டர். ஆஸ்டியோகிளாஸ்ட்கள் பெருகி எலும்பைக் கரைக்கின்றன. எலும்புக்குள் டி.ஜி.எஃப்-பீட்டா, ஐ.ஜி.எஃப். போன்ற வளர்ச்சிக் காரணிகள் கட்டும்போதே பூட்டிவைக்கப்பட்டிருக்கும்; கரையும்போது அவை வெளியே கொட்டுகின்றன. அவற்றைக் குடித்துப் புற்றுச் செல்கள் இன்னும் வளர்ந்து, இன்னும் பி.டி.எச்.ஆர்.பி. சுரக்கின்றன. ஒன்றை ஒன்று ஊட்டி வளர்க்கும் சுழற்சி. ஸ்லைடில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எலும்புச் சட்டத்தின் ஓரத்தில் குழி. குழியில் பல உட்கருக்களோடு ஆஸ்டியோகிளாஸ்ட் உட்கார்ந்திருக்கும். புற்றுச் செல் கூட்டம் சற்றுத் தள்ளி இருக்கும். எலும்பைத் தொட்டுக்கொண்டு அரிப்பது பெரும்பாலும் அந்த ராட்சதச் செல்தான். சோதனைக்கூடத்தில் புற்றுச் செல்லே நேரடியாகக் கொஞ்சம் கரைத்துக் காட்டியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்; உடம்புக்குள் அதன் பங்கு சிறியது என்றுதான் எண்ணப்படுகிறது.

எல்லாப் புற்றுநோயும் இப்படியே செய்வதில்லை. புராஸ்டேட் நோய் ஆஸ்டியோபிளாஸ்ட்டைத் தூண்டிக் கண்டபடி எலும்பைக் கட்டவைக்கும். எக்ஸ்ரேயில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கூடுதலாக இருந்தாலும் அது ஒழுங்கற்ற, பலமில்லாத எலும்பு. மஜ்ஜையிலேயே பிறக்கும் ரத்தப் புற்றுநோயான மைலோமாவில் நேர் எதிர்: கட்டும் வேலையையே நிறுத்திவிடுவதால் சுத்தமான ஓட்டைதான் மிஞ்சும். மார்பகம் நடுவில், பெரும்பாலும் கரைப்பு, ஆனால் கலப்பும் சாதாரணம்.

இதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு ஐயம் என்று பிரித்துச் சொல்கிறேன். ஆஸ்டியோகிளாஸ்ட் வழியாகத்தான் எலும்பு கரைகிறது என்பது உறுதி. அதை அடக்கும் மருந்து கொடுத்தால் எலும்பு முறிவும் அது சார்ந்த சிக்கல்களும் குறைகின்றன என்பதே சான்று. சுழற்சி முழுவதும் எலிகளில் தெளிவாகக் காட்டப்பட்டது, பி.டி.எச்.ஆர்.பி.யைத் தடுத்தால் எலிகளின் எலும்பில் நோய் குறைந்தது. மனிதர்களில் விஷயம் அவ்வளவு சுத்தமாக இல்லை. சுழற்சிதான் எல்லாம் என்றால், ஆஸ்டியோகிளாஸ்ட்டை அடக்கியதும் புற்றுநோயும் ஒடுங்கி ஆயுள் நன்றாகக் கூடியிருக்கவேண்டும். ஏற்கெனவே பரவியவர்களில் அப்படி நடக்கவில்லை. போதாக்குறைக்கு, ஆஸ்திரேலியாவில் மார்பகப் புற்றுநோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், முதல் கட்டியில் பி.டி.எச்.ஆர்.பி. இருந்த பெண்களுக்கு நோய் பரவியது குறைவாக இருந்தது. எலும்புக்குள் வில்லனாக இருக்கும் புரதம் மார்பகத்தில் இருக்கும்போது வேறு வேடம் போடுகிறது போலும். பாடப்புத்தகத்தில் வட்டமாக வரைந்த படத்தை மாணவர்கள் அப்படியே நம்பிவிடக்கூடாது என்பதற்காக இதை நான் ஒவ்வொரு வருடமும் சொல்வதுண்டு.

8 வருடம் எங்கே இருந்தது? பெரும்பாலும் மஜ்ஜையிலேயேதான். அறுவை சிகிச்சைக்கு முன்பே சில செல்கள் கிளம்பிப்போய், இரண்டாகப் பிரிந்து பெருகாமல் உறங்கிக் கிடந்திருக்கலாம். பிரியும் செல்களைத் தாக்கும் கீமோ உறங்கும் செல்லை விட்டுவிடும். ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோயின் குணம் இது. 5 வருட மாத்திரையை முடித்து நோயில்லாமல் இருந்த 62,923 பெண்களின் விவரங்களை வைத்து 2017ல் வந்த ஆய்வில், நோய் கண்டுபிடித்த 5ஆம் வருடத்திலிருந்து 20ஆம் வருடம் வரை தொலைவுப் பரவல் ஒரே சீராக வந்துகொண்டே இருந்தது. முதல் கட்டியின் அளவையும் அக்குள் நெறிக்கட்டிகளின் எண்ணிக்கையையும் பொறுத்து அந்த 15 வருடத்தில் 13 முதல் 41 விழுக்காடு வரை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கேள்வியில் ஒரு குற்ற உணர்ச்சி தெரிகிறது. சிகிச்சையை ஒழுங்காக முடித்தவர்களுக்கும் இது நடக்கிறது. நீங்கள் எதையும் கோட்டைவிட்டதாக எனக்குத் தெரியவில்லை. உறங்கும் செல்லை எது எழுப்புகிறது என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட்கள் அந்த இடத்தைக் கலைக்கும்போது எழுகின்றன என்று எலிகளில் மைலோமா செல்களை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அதிர்ச்சி, மனக்கவலை, கீழே விழுந்தது என்று நம்மூரில் சொல்லும் காரணங்களுக்கு மனிதர்களில் உறுதியான ஆதாரம் கிடையாது.

ஊசிக்கு வருவோம். இரண்டு வகை உண்டு. ஒன்று ஜோலெட்ரானிக் அமிலம், பிஸ்பாஸ்பனேட் இனம். இந்த இனத்தின் பூர்வீகம் வேடிக்கையானது: குழாய்களில் உப்புப் படியாமல் தடுக்கத் தண்ணீரில் கலக்கும் பாஸ்பேட் வகைச் சேர்மங்கள்தான் ஆரம்பம். சேலத்துப் போர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சர்லாந்தில் ஃப்ளைஷ் என்பவரின் குழு 1960களில் இதை எலும்புப் பக்கம் கொண்டுவந்தது. மருந்து எலும்புத் தாதுவில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கரைத்து விழுங்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செத்துப்போகும். மற்றது டெனோசுமாப், ரேங்க்-எல்லையே பிடித்துவைக்கும் எதிர்ப்புரதம். அமெரிக்காவில் 2010ல் அனுமதி பெற்றது. இவை புற்றுநோயைக் கொல்லும் மருந்துகள் இல்லை. எலும்பு முறியாமலும், முதுகுத்தண்டு நசுங்காமலும், வலி கூடாமலும் இருக்கத்தான். நோய்க்கு ஹார்மோன் மருந்தும் அதோடு பால்போசிக்ளிப், ரைபோசிக்ளிப் வகை மாத்திரையும் தனியாக உண்டு. எலும்பில் மட்டும் இருக்கும் நோயை இவற்றால் பெரும்பாலும் நீண்ட காலம் கட்டிவைக்க முடிகிறது; முழுதாகக் குணமாக்குவது அரிது. ஜோலெட்ரானிக் ஊசியை மாதாமாதம் போடுவதற்குப் பதில் 12 வாரத்துக்கு ஒருமுறை போட்டாலும் பலன் குறையவில்லை என்று 2017ல் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. செலவும் அலைச்சலும் குறையும் விஷயம், டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். ஊசி தொடங்கும் முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கவேண்டும், பல் டாக்டரிடமும் ஒருமுறை காட்டவேண்டும். பிடுங்கவேண்டிய பல் இருந்தால் முன்பே பிடுங்கிவிடுவது நல்லது. ஊசி ஆரம்பித்தபின் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும்.

'8 வருடத்துக்கு முன்பே இந்த ஊசியைப் போட்டிருந்தால்?' என்று அடுத்துக் கேட்பீர்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு முதல் சிகிச்சையோடேயே பிஸ்பாஸ்பனேட் கொடுத்தால் எலும்பில் திரும்ப வருவது குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2015ல் காட்டினார்கள். உண்மையான பலன்தான், ஆனால் சிறியது. போட்டவர்களுக்கும் வரத்தான் செய்தது. அதே நோக்கில் டெனோசுமாப் கொடுத்த டி-கேர் என்ற பெரிய ஆய்வில், எலும்பில் பரவாமல் இருக்கும் காலம் நீளவில்லை. ஆஸ்டியோகிளாஸ்ட்டை அடக்குவதுதான் காரணம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்திருக்கவேண்டுமே! இதற்கு யாரிடமும் திருப்தியான பதில் இல்லை.

கேழ்வரகு, பால் விஷயத்தில் உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வது தலைகீழ். உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பில்தான் இருக்கிறது. புற்றுச் செல்லுக்கு வேண்டியது அதில் பூட்டியிருக்கும் வளர்ச்சிக் காரணிகள். சாப்பாட்டுக் கால்சியம் அதற்குத் தீனி ஆவதில்லை. ஊசி போட்டதும் எலும்பு கரைவது நின்றுபோவதால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். டெனோசுமாப்பில் ஆபத்தான அளவுக்குக்கூட இறங்கலாம். அதனால்தான் ஊசியோடு தினமும் குறைந்தது 500 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும் எடுக்கச் சொல்கிறார்கள். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது; களியோ கூழோ அம்மாவுக்குப் பிடித்தால் தாராளமாகச் சாப்பிடட்டும், மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரையோடு.

ஸ்கேன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த ஸ்கேனில் கலங்கிப்போவீர்கள் என்பதால் சொல்கிறேன். எலும்பு ஸ்கேனுக்குப் போடும் டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்து புற்றுநோயில் ஒட்டுவதில்லை. ஆஸ்டியோபிளாஸ்ட் புது எலும்பு கட்டும் இடத்தில்தான் ஒட்டும். கரைந்த இடத்தை உடம்பு பழுதுபார்க்கும் முயற்சியைத்தான் அது காட்டுகிறது. சிகிச்சை நன்றாக வேலை செய்யும்போது குழிகளை நிரப்ப ஆஸ்டியோபிளாஸ்ட்கள் மும்முரமாவதால், முதல் சில மாதங்களில் எடுக்கும் ஸ்கேனில் புள்ளிகள் இன்னும் பளிச்சென்று, சில சமயம் புதிதாகக்கூடத் தெரியும். ரிப்போர்ட்டில் 'அதிகமாகியிருக்கிறது' என்று வரலாம். வலி குறைந்து, ஆள் தெம்பாக இருந்தால் டாக்டர்கள் அவசரப்பட்டு மருந்தை மாற்றமாட்டார்கள். இன்னொன்று, அம்மா பிறந்து வளர்ந்தது பென்னாகரம் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருவதற்கு முன் தருமபுரி மாவட்டத்தில் ஃப்ளூரைடு மிகுந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பலருக்கு முதுகெலும்பும் இடுப்பும் எக்ஸ்ரேயில் அடர்த்தியாக, வெள்ளையாகத் தெரியும். பரவிய புற்றுநோயில் எலும்பு கெட்டிப்படுவதும் இப்படியே இருக்கும். ஃப்ளூரைடு பெரும்பாலும் எல்லா எலும்பிலும் ஒரே சீராகவும், தசைநார்கள் சுண்ணாம்பு படிந்தும் இருக்கும். புற்றுநோய் திட்டுத் திட்டாக இருக்கும். படம் பார்க்கும் டாக்டருக்கு ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது.

பயாப்ஸி எடுத்தார்களா என்று உங்கள் கேள்வியில் இல்லை. முதல்முறையாகத் திரும்பி வரும்போது, எடுக்கக்கூடிய இடமாக இருந்தால், ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பதையே நான் விரும்புவேன். வேறு நோயில்லை என்று உறுதியாகும் என்பது ஒன்று. ஹார்மோன் ஏற்பி, செல்லை வளரத் தூண்டும் ஹெர்-2 என்ற புரதம் இரண்டும் 8 வருடத்துக்கு முன் இருந்த மாதிரியே இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, மாறியிருந்தால் மருந்தே மாறும் என்பது இன்னொன்று. எங்கள் துறைச் சங்கடம் ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: எலும்பை அப்படியே மெல்லிசாகச் சீவ முடியாது, அமிலத்தில் ஊறவைத்துக் கால்சியத்தை எடுத்துவிட்டுத்தான் சீவவேண்டும். ரிப்போர்ட் தாமதமாவது அதனால்தான். வலுவான அமிலத்தில் அதிக நேரம் ஊறினால் ஏற்பிப் பரிசோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டும். ஈ.டி.டி.ஏ. என்ற மென்மையான கரைசல் பாதுகாப்பானது, ஆனால் நாள் பிடிக்கும். எனவே எலும்பில் எடுத்த துணுக்கில் ஏற்பி இல்லை என்று வந்தால், எதில் ஊறவைத்தார்கள் என்று உங்கள் டாக்டரை ஆய்வகத்திடம் கேட்கச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்வியால் சிகிச்சை மாறிய நோயாளிகள் உண்டு.

ஏற்காடு. 1,500 மீட்டர் உயரமோ குளிரோ எலும்புக்கு எதுவும் செய்யாது. பிரச்சினை 20 கொண்டை ஊசி வளைவுகள். முதுகெலும்பு பாரம் தாங்கும் நிலையில் இருக்கிறதா, அதில் எந்த முள்ளெலும்பாவது நசுங்கி உட்கார்ந்துபோயிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. பார்த்து எலும்பு மருத்துவர் சொல்லவேண்டும். எழுந்து நிற்கும்போதும் திரும்பிப் படுக்கும்போதும் வலி சுரீர் என்று ஏறி, படுத்தால் இறங்குகிறது என்றால் அது பலவீனத்தின் அறிகுறி. அதுவரை மலைப்பாதை வேண்டாம். தொடையெலும்பின் மேல்பகுதியில் பெரிய ஓட்டை இருந்தால் முறிவதற்கு முன்பே கம்பி வைப்பார்கள், அதையும் கேளுங்கள். நிலையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் காரின் முன்சீட்டில், மெதுவாக, கூட்டமில்லாத நாளில் போகலாம். பஸ்ஸின் பின்சீட்டில் மட்டும் வேண்டாம். வலி ஓரிடத்தில் அதிகம் என்றால் அங்கே மட்டும் ஒரே தடவை 8 கிரே என்ற அளவு ரேடியேஷன் கொடுப்பது பல தடவை கொடுப்பதற்கு இணையாக வலியைக் குறைக்கும். பிற்பாடு மறுபடி தேவைப்படும் வாய்ப்புதான் கொஞ்சம் கூடுதல். முதுகை நீவிவிடுவது, நெட்டி முறிப்பது, எண்ணெய்க் கட்டு போடுவது மூன்றையும் இன்றே நிறுத்துங்கள். கை கால் முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்கள் கையில் பலருக்கு நன்றாக ஆறியிருக்கலாம். உள்ளே அரித்துப்போன முதுகெலும்பு வேறு விஷயம்.

கடைசியாக, டாக்டரைப் பார்க்கக் குறித்த நாள் வரை காத்திருக்கக்கூடாத இரண்டு நிலைமைகள். கால்கள் வலுவிழப்பது, இடுப்புக்குக் கீழே மரத்துப்போவது, சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்வது: இவற்றில் எது வந்தாலும் முதுகுத்தண்டு நசுங்குகிறது என்று எடுத்துக்கொண்டு, நடு இரவானாலும் ஜி.எச். அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். நடக்கமுடிகிற நிலையில் சிகிச்சை கிடைத்தவர்கள் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள், கால் முழுதாக விழுந்தபின் வருபவர்களில் மீண்டு நடப்பவர்கள் குறைவு. மற்றது, தாங்கமுடியாத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, பேச்சில் தடுமாற்றம், எந்நேரமும் தூக்கம். கரைந்த எலும்பின் கால்சியம் ரத்தத்தில் ஏறும்போது இப்படி ஆகும். வயசாகிவிட்டது, மாத்திரைச் சூடு என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அன்றே ரத்தத்தில் கால்சியம் பார்க்கவேண்டும். அந்தச் சமயத்தில் மட்டும் கால்சியம் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.